உண்மையும் உள்பொருளும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையைப் போட்டு, இவ்வாரம் எதைப்பற்றி எழுதலாம் என்று சிந்தித்துக்கொண்டிருந்தேன். அவ்வேளை படலையைத் திறந்துகொண்டு அயல் வீட்டுப் பெண் வந்தாள். உயர்தர வகுப்பிலே அளவையியல் கற்கும் மாணவி அவள். வழக்கமான சிரிப்பு முகத்தில் இல்லை.

"மாமா, எல்லோரும் ஒன்றை ஒப்புக்கொண்டால் அஃது உண்மை ஆகுமா?" என்று கேட்டாள்.

"பரீட்சைக்கு வரும் வினாவோ?" என்றேன்.

அவள் தலையை அசைத்தாள். சிறிது நேரஞ் சென்றபின் விடயத்தைச் சொன்னாள். வகுப்பு மாணவியர் சுற்றுலாவுக்கெனச் சேர்த்த பணம் காணாமற் போய்விட்டது. எடுத்தவள் இன்னாள் என்று ஒருத்தி சொன்னாள். மற்றொருத்தி அதனை வழிமொழிந்தாள். மாலைக்குள் வகுப்பு முழுவதும் அதையே சொல்லிற்று. வகுப்பாசிரியை ஒவ்வொருவராக அழைத்து வினவியபோது, "நானும் ஆம் என்று சொல்லிவிட்டேன், மாமா. ஆனால் நான் ஒன்றையும் காணவில்லை" என்றாள். குற்றஞ் சாட்டப்பட்ட பெண் இரண்டு நாளாகப் பாடசாலைக்கு வரவில்லையாம்.

வாசகர்களே, அப்பிள்ளைக்கு அன்று நான் சொன்னவற்றையே இங்கு எழுதுகின்றேன். அவளுடைய சம்மதத்துடன், அவளை இன்னாள் என்று அறிய இயலாதவாறே எழுதுகின்றேன்.

உண்மை என்னும் சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். உள் என்னும் அடியிலிருந்து பிறந்த சொல் அது. உள்ளதன் தன்மை உண்மை. இல்லாததன் தன்மை இன்மை. ஆகவே நம் முன்னோர் உண்மை என்ற சொல்லை ஆண்டபோது, "யார் சொன்னார்? எத்தனை பேர் சொன்னார்?" என்ற கேள்வி அதற்குள் இருக்கவில்லை. "உளதா, இலதா?" என்ற ஒரே கேள்விதான் இருந்தது. இதனோடு வாய்மை என்றும் மெய்ம்மை என்றும் வேறு இரு சொற்கள் நம்மிடம் உண்டு. அன்றாடப் பேச்சிலே இவற்றை ஒன்றுக்கு ஒன்றாக மாற்றி வழங்குகின்றோம். ஆனால் வாய்மை பேசுபவனுடைய குணம். உண்மையோ பேசப்பட்ட பொருளைப் பொறுத்தது. இவ்விரண்டும் எப்பொழுதும் கைகோத்துச் செல்வதில்லை.

ஒரு சிறு உதாரணம் கூறுகின்றேன். கடன் கேட்டவர் வாசலில் வந்து நிற்கின்றார். தகப்பனார் அறைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டே, "அப்பா வீட்டில் இல்லை" என்று மகன் பொய் சொல்லி அனுப்புகின்றான். ஆனால் தகப்பனாரோ அதற்கு முன்பே பின்வேலிப் பொட்டுக்குள்ளால் நழுவிவிட்டார்! மகன் சொன்ன வாக்கியம் உண்மை. ஏனெனில் அப்பா வீட்டில் இல்லை. ஆயினும் அவனிடத்தில் வாய்மை இல்லை. இதன் மறுதலையும் உண்டு. நெஞ்சறிய ஒருவன் நேர்மையாகவே பேசுகின்றான். ஆனால் அவன் நம்பியது தவறு. அவனிடம் வாய்மை உண்டு. அவன் சொல்லில் உண்மை இல்லை. நம் சொல்லை உண்மையாக்குவது நம் நெஞ்சன்று. வெளியே உள்ள பொருள்தான்.

எல்லோரும் ஒப்புக்கொண்டால் அஃது உண்மையாகுமா என்ற வினாவுக்கு விடையாக ஒரு சரித்திரத்தை அவளுக்குச் சொன்னேன். அது கல்லாத மக்களின் கதையன்று. உலகின் தலைசிறந்த கல்விமான்களின் கதை.

இங்கிலாந்திலே சசெக்ஸ் மாகாணத்தில் பில்ற்டவுண் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள சரளைக்கல் குழி ஒன்றிலே பழைய மண்டையோட்டின் துண்டுகளும் ஒரு தாடையெலும்பும் கிடைத்தன என்று சார்ள்ஸ் டோசன் என்னும் சட்டத்தரணி அறிவித்தார். அவர் பழம்பொருள் ஆராய்ச்சியிலே ஈடுபாடுடையவர். இலண்டனில் உள்ள பிரித்தானிய இயற்கை வரலாற்று நூதனசாலையின் புவியியற் பகுதித் தலைவராயிருந்த ஆதர் சிமித் வூட்வேட் அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி இலண்டன் புவியியற் சங்கத்தின் கூட்டத்திலே இருவரும் அதனை உலகுக்கு வெளியிட்டனர். மண்டையோடு மனிதனுடையதை ஒத்திருந்தது. தாடையோ வாலில்லாக் குரங்கினுடையதை ஒத்திருந்தது. குரங்கிலிருந்து மனிதன் தோன்றிய வழியிலே விடுபட்டிருந்த கண்ணி இதுதான் என்றனர். "டோசனின் விடியற்கால மனிதன்" என்று பொருள்படும் இலத்தீன் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டது.

அக்கால அறிஞர் பலர் இதை மகிழ்ச்சியோடு ஏற்றனர். ஏன்? மனித வளர்ச்சியில் முதலிலே பெருத்தது மூளைதான். மற்ற உறுப்புக்கள் பின்னர் மாறின என்று அவர்களிற் பலர் முன்னரே கருதியிருந்தனர். பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்ட இந்த எலும்பு அவர்கள் எதிர்பார்த்ததற்கு அச்சொட்டாகப் பொருந்திற்று. மேலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஆதிமனிதர் எலும்புகள் கிடைத்திருந்தன. ஆங்கிலேயருக்கு அத்தகைய பெருமை இருக்கவில்லை. அந்தக் குறையும் தீர்ந்தது. 1914ஆம் ஆண்டிலே அதே இடத்தில் யானை எலும்பிற் செதுக்கிய ஒரு கருவி அகப்பட்டது. அதன் உருவம் கிரிக்கெட் மட்டையைப் போலிருந்தது! அதைக் கண்டும் பெரியோர் சிரிக்கவில்லை.

மறுத்தவர் இல்லாமலில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் உடற்கூற்றுப் பேராசிரியர் டேவிட் வாற்றர்ஸ்டன் 1913ஆம் ஆண்டிலேயே, மண்டையோடு மனிதனுடையது, தாடை குரங்கினுடையது, இரண்டும் ஓருடலைச் சேர்ந்தவையல்ல என்றார். அமெரிக்காவிலும் பிரான்சிலும் சிலர் அவ்வாறே கருதினர். ஆனால் 1915இலே டோசன் மற்றோரிடத்திலும் இத்தகைய எலும்புத் துண்டுகள் கிடைத்தன என்றார். ஒரு குழியிலே மனித மண்டையோடும் குரங்குத் தாடையும் தற்செயலாகச் சேரலாம். இரு இடங்களிலும் அவ்வாறு சேருமா? ஐயுற்றோர் பலர் வாயடங்கினர். 1916இலே டோசன் இறந்தார். அதன்பின் வூட்வேட் பல ஆண்டுகள் அங்கே தோண்டினார். குறிப்பிடத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. 1938ஆம் ஆண்டிலே அவ்விடத்தில் ஒரு நினைவுக் கல்லும் நாட்டப்பட்டது.

பிள்ளை இடைமறித்து, "பிறகு எப்படி மாமா தெரிய வந்தது?" என்றாள்.

எலும்பைக் கொண்டே தெரிய வந்தது என்றேன். மண்ணிற் புதைந்த எலும்பு நிலத்தடி நீரிலுள்ள புளோரீன் என்னும் பொருளைச் சிறிது சிறிதாக உட்கொள்ளும். ஒரே இடத்தில் நெடுங்காலம் கிடந்த எலும்புகளில் அதன் அளவு ஒத்திருத்தல் வேண்டும். 1949ஆம் ஆண்டளவில் கெனத் ஓக்லி என்பவர் பில்ற்டவுண் எலும்புகளை இம்முறையாற் சோதித்தார். சொல்லப்பட்ட பழைமை அவற்றுக்கு இல்லை என்பது புலனாயிற்று. ஒக்ஸ்போட் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைனரும் லே குறோ கிளாக்கும் ஓக்லியுடன் சேர்ந்து மேலும் ஆராய்ந்தனர். பற்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அரத்தால் அராவிய கீறல்கள் காணப்பட்டன. பழைய நிறம் தோன்றுவதற்காகச் சாயமிட்டிருந்தார்கள். 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே இது மோசடி என்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. மண்டையோடு சில நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதனுடையது. தாடை ஒராங்குட்டான் குரங்கினுடையது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டு இடங்களிலும் கிடைத்தனவாகச் சொல்லப்பட்ட குரங்குப் பற்கள் பெரும்பாலும் ஒரே ஒராங்குட்டானுடையவை என்று மரபணுச் சோதனையாற் காட்டிற்று. எல்லாம் ஒரே கையின் வேலை, அந்தக் கை டோசனுடையதே என்பதே அவ்வாய்வின் முடிபு.

நாற்பத்தொரு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் பாடநூல்களிலும் நூதனசாலைகளிலும் அந்த "விடியற்கால மனிதன்" இருந்தான். இப்பொழுது நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: 1912 முதல் 1953 வரை பில்ற்டவுண் மனிதன் உண்மையாய் இருந்து, பின்னர் பொய்யாய் மாறினானா?

இல்லை என்பது வெளிப்படை. 1912ஆம் ஆண்டிலும் அத்தாடை ஒராங்குட்டானுடையதுதான். பேரறிஞர் கூடிக் கைதட்டிய அந்த மாலையிலும் அஃது ஒராங்குட்டான் தாடையாகவே மேசைமீது கிடந்தது. 1913இலே வாற்றர்ஸ்டன் அது குரங்கின் தாடை என்றபோது அவர் சொல் அன்றே உண்மை. நாற்பது ஆண்டுகள் கழித்து உண்மையானதன்று. மாறியது மனிதருடைய எண்ணம், பொருள் மாறவில்லை. "அவரவர்க்கு அவரவர் உண்மை" என்று இக்காலத்திலே பலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றார்கள். அவரவர்க்கு அவரவர் கருத்து உண்டு. அவரவர்க்கு அவரவர் அனுபவம் உண்டு. ஆனால் அவரவர்க்கு அவரவர் தாடையெலும்பு இல்லை.

உண்மை யாது என்பதற்கு மெய்யியலார் பலவாறு இலக்கணம் கூறுவர். சொல் பொருளோடு ஒத்திருத்தலே உண்மை என்பது ஒரு கொள்கை. இது கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் காலந்தொட்டு வருவது. ஒரு கருத்து நாம் கொண்டுள்ள ஏனைய கருத்துக்களோடு முரணின்றி இணங்குதலே உண்மை என்பது இன்னொன்று. நடைமுறையிற் பயன் தருவதே உண்மை என்பது மற்றொன்று. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1907ஆம் ஆண்டில் எழுதிய நூலினால் இது பெரிதும் பரவிற்று. அவர் பயன் என்றது நீண்டகால அனுபவத்திலே நிலைபெறும் பயனை. மனத்துக்கு இனிமையானது எல்லாம் உண்மை என்பது அவர் கருத்தன்று. எனினும் பில்ற்டவுண் கதை நமக்கு ஒன்றைக் காட்டுகின்றது. அவ்வெலும்பு அக்கால அறிஞர் கருத்துக்களோடு இணங்கிற்று. ஒரு நாட்டின் பெருமைக்கும் பயன்பட்டது. இணக்கமும் பயனும் இருந்தும், பொருளோடு ஒப்புமை இல்லாமையால் அது பொய்யாயிற்று. இணக்கமும் பயனும் உண்மையைத் தேடும்போது வழிகாட்டும் கைகாட்டிகள், கைகாட்டியே ஊராகிவிடாது.

ஆனால் இங்கே அறிவுள்ள மாணவர் ஒரு தடை எழுப்புவர். "பொருளை நேரே அறிய நமக்கு வழியேது? நம் கண்ணாலும் கருத்தாலும்தானே அறிகின்றோம்? அவை தவறலாமே?" என்பர். நியாயமான தடைதான். அதற்கு நம்மவர் நெடுங்காலத்துக்கு முன்பே விடை தேடினர். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞான சித்தியார், கடவுளைப்பற்றிப் பேசத் தொடங்குமுன் அளவையைப்பற்றியே பேசுகின்றது. அறியும் கருவியைச் சோதியாமல் அறியப்படும் பொருளைப் பேசலாகாது என்பது அதன் முறை. காட்சி, கருதல், உரை என மூன்று வழிகளை அது வகுக்கின்றது. கண் முதலியவற்றால் நேரே அறிதல் காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்தல் கருதல். நம்பத்தக்கவர் வாய்மொழியால் அறிதல் உரை. தூரத்தே நிற்பது கட்டையோ மனிதனோ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிவது திரிபு. இவை நீங்கினாலன்றிக் காட்சியும் தூய காட்சியன்று.

ஐயத்தைவிடத் திரிபே பொல்லாதது. ஐயமுடையவன் விளக்கைத் தேடுவான். திரிபுடையவன் தடியைத் தேடுவான். கயிற்றை அடித்தால் நட்டமில்லை. ஆனால் நாம் பாம்பென்று துணிந்தது ஒரு மனிதப் பிறவியானால்?

பில்ற்டவுண் விடயத்தில் நடந்தது என்ன? மூல எலும்புகள் நூதனசாலையிலே பூட்டி வைக்கப்பட்டிருந்தன. அறிஞர் பலருக்குக் கிடைத்தவை அவற்றின் வார்ப்புப் பிரதிகள். அரத்தின் கீறலை வார்ப்பிலே காண்பது அரிது. எலும்பைக் கண்டவர் சிலர். வார்ப்பைக் கண்டவர் பலர். கண்டவர் சொன்னதைக் கேட்டவர் எண்ணிலர். ஆனால் ஏற்றுக்கொண்டவர் தொகையைக் கணக்கிட்டபோது எல்லோரையும் சேர்த்தே கணக்கிட்டனர். கேட்டவர் ஆயிரம் பேரானாலும் கண்டவர் ஒருவரானால், சாட்சி ஒன்றே.

அதனால் விளைந்த தீங்கும் சிறிதன்று. 1924ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலே தௌங் என்னுமிடத்தில் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. றேமண்ட் டாட் என்னும் இளம் பேராசிரியர் 1925இலே அதைப்பற்றி எழுதினார். அதன் மூளை சிறியது. பற்களோ மனிதப் பற்களை ஒத்தவை. அது நிமிர்ந்து நடந்த இனம் என்பது அவர் துணிபு. பில்ற்டவுண் சொன்னதற்கு இது நேர்மாறு. ஆகவே பெரியோர் பலர் அதனை வெறுங் குரங்குக் குட்டி என்று ஒதுக்கினர். அவ்வாறு ஒதுக்கியவர்களுள் ஒருவர் சேர் ஆதர் கீத். பில்ற்டவுண் நினைவுக் கல்லை 1938இலே திறந்துவைத்தவரும் அவரே. தென்னாபிரிக்காவில் மேலும் மேலும் எலும்புகள் கிடைத்தபின், 1947ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையிலே, டாட் கூறியதே சரி, தாம் கூறியது தவறு என்று கீத் எழுதினார். அப்போது அவருக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது. அவருடைய தவற்றை நினைப்பவர்கள் இதனையும் நினைத்தல் வேண்டும். மேசைமீது பொய் எலும்பு இருந்தமையால் மெய் எலும்புக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. பொய் தான் மட்டும் வந்து தங்குவதில்லை. உண்மை இருக்கவேண்டிய கதிரையிலும் அது அமர்ந்துகொள்ளுகின்றது.

இன்னுமொன்று. வூட்வேட் மோசடி செய்தவரல்லர், நம்பியவர். 1944இலே இறக்கும்வரை நம்பினார். அவரிடம் வாய்மை இருந்தது; உண்மை இருக்கவில்லை. ஆகவே, "நான் நம்பித்தானே சொன்னேன்" என்பது நம்மைப் பொய்யர் என்ற பழியிலிருந்து காக்கலாம். ஆனால் நம் சொல்லால் துன்புற்றவரைக் காக்கமாட்டாது.

கதை முடிந்தது. பிள்ளை நெடுநேரம் மௌனமாயிருந்தாள். பின்பு, "அப்படியானால் நான் என்ன செய்யவேண்டும், மாமா?" என்றாள்.

"அந்தப் பெண் பணத்தை எடுத்தாள் என்று நீ கண்டாயா?"

"இல்லை."

"வேறு எதையேனும் கண்டு அதிலிருந்து கருதினாயா?"

"அவள் வறிய வீட்டுப் பிள்ளை என்று எல்லோரும்..." என்று தொடங்கியவள் பாதியிலே நிறுத்திக்கொண்டாள். அவள் முகம் கன்றிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கேட்டதைத்தான் சொன்னேன், மாமா" என்றாள் இறுதியில்.

"கேட்டது யாரிடம்? அவள் கண்டாளா?"

"அவளும் கேட்டவள்தான்."

வாசகர்களே, ஒவ்வொரு வீட்டிலும் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள் இவை: கண்டாயா? கருதினாயா? கேட்டாயா? கண்டதாயின், வெளிச்சத்திலே கண்டாயா என்று பார். கருதியதாயின், புகைதானா அல்லது வெறும் பனியா என்று பார். கேட்டதாயின், சொன்னவர் கண்டவர்தானா என்று பார். இக்காலத்திலே ஒரு செய்தி காலையிற் பிறந்து மாலைக்குள் ஆயிரம் கைத்தொலைபேசிகளிலே குடியேறிவிடுகின்றது. ஆயிரம் பேர் அனுப்பியமையால் அதற்கு ஆயிரம் சாட்சிகள் உண்டென்று நினைக்கின்றோம். பெரும்பாலும் அவை ஒரே வார்ப்பின் ஆயிரம் பிரதிகளே. மூல எலும்பு எங்கே என்று கேட்பவர் அரியர்.

நான் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "அவள் எடுக்கவில்லை என்று நீ போய்ச் சொல்லாதே, அதுவும் உனக்குத் தெரியாது. நான் காணவில்லை என்று சொல். உனக்குத் தெரிந்த உண்மை அதுதான்."

திங்கட்கிழமை அவள் வகுப்பாசிரியையிடம் சென்று அவ்வாறே சொன்னாள். அதைக் கேட்டபின் வேறு இரு மாணவியரும் வந்து, தாங்களும் காணவில்லை என்றார்களாம். ஆசிரியை ஏனையோரையும் மீண்டும் அழைத்து, யார் கண்டது என்று கேட்டாராம். கண்டவர் ஒருவரும் இலர். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஆசிரியையே சென்று வந்தார். புதன்கிழமை அவள் பாடசாலைக்கு வந்தாள். ஒருவரோடும் பேசவில்லையாம். நம் பிள்ளையோடும் பேசவில்லை.

பணத்தை எடுத்தவர் யார் என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை. ஒருவேளை எந்நாளும் தெரியாமலே போகலாம். ஆயினும் அது நடந்தது ஏதோ ஒரு விதமாகத்தான். வகுப்பு முழுவதும் ஒரு முகமாகச் சொன்னபோதும் அது மாறவில்லை. நம் பிள்ளை தன் சொல்லை மீட்டபோதும் அது மாறவில்லை. நாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும் உள்ளது உள்ளபடியே இருக்கின்றது. அதன்முன் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: கண்டதைக் கண்டதென்றும், காணாததைக் காணாததென்றும் சொல்லுதல்.

"அவள் என்னோடு பேசுவாளா, மாமா?" என்று நேற்றுக் கேட்டாள். தெரியாது என்றேன்.